காம்பு வலியும் வெடிப்பும்: பால் கொடுக்கும் அம்மாக்கள் கேட்கும் கேள்விகள்

பிரசவ வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். வீட்டுக்குப் போன பிறகும் அம்மாக்கள் போன் செய்வார்கள். "பால் பத்தலை" என்ற புலம்பலுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்பது காம்பு வலிதான். கேள்விகளை அவரவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். கேட்டவர்களில் மாமியார்களும் உண்டு, ஒன்றிரண்டு கணவன்மார்களும் உண்டு. பெரும்பாலும் கை வைத்தியம் கேட்டுத்தான் கூப்பிடுகிறார்கள், அதனால் எண்ணெய், நெய், மஞ்சள் எல்லாம் இதில் வரும். ஆனால் எதைத் தடவுவது என்பதற்கு முன்னால் பிள்ளை எப்படி வாய் வைக்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். வரிசையும் அப்படித்தான் போகிறது.

"பால் குடுக்க ஆரம்பிச்சாலே உயிர் போற மாதிரி வலிக்குது. எல்லாருக்கும் இப்படித்தானா?"

முதல் வாரத்தில் கொஞ்சம் வலிப்பது பெரும்பாலான அம்மாக்களுக்கு உண்டு. பிள்ளை வாய் வைத்து இழுக்கும் முதல் அரை நிமிடம் சுருக்கென்று இருக்கும், பால் இறங்கியதும் அடங்கிவிடும். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை சற்றுக் கூடுதலாக இருந்து, பத்து நாளைக்குள் குறைந்துவிடும்.

பால் குடித்து முடிக்கும்வரை வலித்துக்கொண்டே இருந்தால், தோல் வெடித்தால், பிள்ளை அழும் சத்தம் கேட்டாலே உங்களுக்குக் கை நடுங்கினால், அது இந்தக் கணக்கில் சேராது. "நாங்களும் பெத்து வளர்த்தவங்கதான், பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கோ" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, அடுத்த இரண்டு பதில்களைப் படியுங்கள்.

"என் தோல் ரொம்ப மெல்லிசு, அதான் வெடிக்குதுன்னு அத்தை சொல்றாங்களே?"

தோலைக் குறை சொல்ல வேண்டாம். பிள்ளை காம்பை மட்டும் கவ்வினால், காம்பின் நுனி நாக்குக்கும் மேலண்ணத்தின் கெட்டியான பகுதிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கும். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். அத்தனை தடவையும் ஒரே இடம் நசுங்கினால் எந்தத் தோலும் வெடிக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வினால், காம்பு உள்ளே அண்ணம் மெத்தென்று மாறுகிற இடத்துக்குப் போய்விடும். அங்கே அது நசுங்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பிள்ளை வாயை எடுத்தவுடன் காம்பைப் பாருங்கள். உருண்டையாக, கொஞ்சம் நீண்டு இருந்தால் சரி. புது லிப்ஸ்டிக் நுனி மாதிரி ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாகி, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அது நசுங்கியிருக்கிறது. வலியை வைத்து முடிவு செய்வதைவிட இதை நம்பலாம்.

"சரியா வாய் வைக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படின்னு யாரும் காட்ட மாட்டேங்குறாங்க."

நியாயமான கோபம். முதலில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். குனிந்து மார்பைப் பிள்ளையிடம் கொண்டு போகாதீர்கள், பிள்ளையைத் தூக்கி மார்பிடம் கொண்டு வாருங்கள். பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றைத் தொட வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்கிற நிலையில் வைத்தால் பிள்ளை நழுவி நழுவிக் காம்பு நுனிக்கே வந்துவிடும். பின்னந்தலையை அழுத்தாமல் கழுத்தையும் தோளையும் தாங்கிப் பிடியுங்கள்.

காம்புக்கு நேராகப் பிள்ளையின் மூக்கு இருக்கட்டும், வாய் இல்லை. மேலுதட்டில் காம்பை லேசாக உரசுங்கள். கொட்டாவி விடுகிற அளவுக்கு வாயைத் திறக்கும்வரை காத்திருந்து, தாடை முதலில் மார்பில் படும்படி சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காத்திருப்பில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பாதி திறந்த வாய்க்குள் காம்பைத் திணித்தால் நுனிதான் போகும். சரியாக வைத்திருந்தால் தாடை மார்பில் புதைந்திருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கன்னம் குழி விழாமல் உப்பியிருக்கும், கருவட்டம் கீழே தெரிவதைவிட மேலே அதிகம் தெரியும். 'டக் டக்' என்று சத்தம் வராது, விழுங்கும் சத்தம் வரும்.

அரை நிமிடம் தாண்டியும் வலித்தால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். அப்படியே இழுத்தால் வெடிப்பு இன்னும் கிழியும். சுத்தமான சுண்டுவிரலைப் பிள்ளையின் வாயோரத்தில் நுழைத்து, பிடி விட்டதும் எடுங்கள். நாலைந்து தடவை எடுத்து வைக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. சிசேரியன் ஆனவர்கள் ஒருக்களித்துப் படுத்தோ, பிள்ளையைக் கையிடுக்கில் வைத்துக் கால் பின்பக்கம் போகிற மாதிரியோ கொடுத்தால் தையலில் பாரம் விழாது.

"எனக்குக் காம்பு உள்ளே அமுங்கி இருக்கு. அதனாலதான் புண்ணாகுதா?"

பிள்ளை கவ்வ வேண்டியது காம்பை மட்டுமல்ல, மார்பையும் சேர்த்துத்தான் என்பதால், அமுங்கிய காம்பை வைத்துக்கொண்டும் நன்றாகப் பால் கொடுக்கலாம். தொடக்கத்தில் பிடிப்புக் கிடைப்பது கஷ்டம், அவ்வளவுதான்.

நம் ஆஸ்பத்திரிகளில் இதற்குச் சிரிஞ்சு முறை வழக்கம். கர்நாடகாவின் தாவணகெரே மருத்துவர்கள் 1993-ல் எழுதி வெளியிட்ட முறை இது. ஊசியில்லாத புதுச் சிரிஞ்சின் முனையை அறுத்துவிட்டு, உள்தண்டை அறுத்த பக்கம் வழியாக நுழைப்பார்கள். வழவழப்பான மறுமுனை காம்பின் மேல் வரும். தண்டை மெல்ல இழுத்தால் காம்பு வெளியே வரும். அரை நிமிடம் அப்படியே வைத்துவிட்டு உடனே பிள்ளையைப் போட வேண்டும். தண்டை இழுப்பது அம்மாவின் கையாக இருக்கட்டும், எவ்வளவு இழுத்தால் வலிக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். வெடிப்பு இருக்கும்போது செய்ய வேண்டாம். முதல் தடவை ஒரு செவிலியர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

"சரி, வெடிச்சிடுச்சு. வீட்டுல இருக்கிறதுல எதைப் போடலாம்?"

உங்கள் பாலையே போடுங்கள். பிள்ளை குடித்து முடித்ததும் கடைசியாக இரண்டு சொட்டுப் பீய்ச்சி, காம்பிலும் கருவட்டத்திலும் தடவி, சில நிமிடம் காற்றாட விட்டு அப்புறம் துணி போடுங்கள். தடவும் முன் கை கழுவ வேண்டும்.

காசு செலவில்லாத வைத்தியம் என்பதால் பலருக்கு இதில் நம்பிக்கை வருவதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2014-ல் இந்த விஷயத்தை அலசியது. ஒன்றும் தடவாதவர்களுக்கும் தாய்ப்பாலை மட்டும் தடவியவர்களுக்கும் கிடைத்த பலன், லனோலின் போன்ற களிம்பு போட்டவர்களுக்குக் கிடைத்ததற்குக் குறைவாக இல்லை. எதைப் போட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு ஏழு முதல் பத்து நாளில் வலி லேசாகிவிட்டது. விலையுயர்ந்த டியூபை வாங்கவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். வாங்கியிருந்தால் தாராளமாகப் போடலாம். சுத்திகரித்த லனோலினைப் பால் கொடுக்கும் முன் துடைக்கத் தேவையில்லை.

"தேங்காய் எண்ணெய், நெய், வெண்ணெய் தடவலாமா?"

செக்கில் ஆட்டிய சுத்தமான தேங்காய் எண்ணெய் நல்லது. தோல் வறண்டு இழுக்காமல் பார்த்துக்கொள்ளும். ஒரு சொட்டை விரலில் எடுத்து மெல்லிசாகத் தடவினால் போதும். அப்பிக்கொண்டால் பிள்ளையின் வாய் வழுக்கிப் பிடிப்புப் போய்விடும், மறுபடி நுனிக்கே வந்து நிற்கும். வாசனை கலந்த தலை எண்ணெய் கூடாது. சமையலுக்கு விரல் விட்டு எடுக்கும் பாட்டிலும் கூடாது, இதற்கென்று ஒரு சின்னப் பாட்டிலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்யும் அப்படித்தான். வெண்ணெயை நான் சொல்வதில்லை. அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், கடையில் வாங்கினால் உப்பும் இருக்கும்.

"மஞ்சள் குழைச்சுப் போட்டா எந்தப் புண்ணும் ஆறும். இதுக்கு மட்டும் வேண்டாம்ங்கிறீங்களே?"

காம்பில் எதைப் போட்டாலும் அது பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். கால் விரலில் போடுவதற்கும் இதற்கும் அந்த ஒரு வித்தியாசம்தான். மஞ்சள் தோலை உலர்த்தும், திறந்த வெடிப்பில் எரியும். கடையில் விற்கும் மஞ்சள் தூளில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்த்துப் பிடிபட்டிருக்கிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மாமியார் மனம் கோணக் கூடாது என்றால் மஞ்சளைக் குளிக்கும்போது உடம்புக்குப் பூசிக்கொள்ளுங்கள், காம்பை விட்டுவிடுங்கள்.

"தேன், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய்?"

மூன்றும் வேண்டாம். தேனில் போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்களின் குடல் அதைச் சமாளித்துவிடும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் அது வளர்ந்து நஞ்சைச் சுரந்து தசைகளைத் தளரச் செய்யும், மூச்சும் நிற்கலாம். வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. பிறந்ததும் சேனை வைப்பதாகச் சொல்லி நாக்கில் தேன் தடவுவதும் இதே காரணத்தால்தான் கூடாது.

விளக்கெண்ணெய் உள்ளே போனால் பேதியாகும். வேப்பெண்ணெய் அதைவிட ஆபத்து. குழந்தைகளுக்கு அதைப் புகட்டியதால் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-லேயே எழுதியிருக்கிறார்கள். போதாததற்கு, பால் மறக்கடிக்கத்தான் நம்மூரில் வேப்பிலையை அரைத்துத் தடவுவார்கள். கசப்புத் தெரிந்தால் பிள்ளை மார்பில் வாய் வைக்கவே மறுக்கும். தைலம், கற்பூரம் கலந்த எதையும் அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

"கத்தாழை?"

குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் வெட்டும்போது வடியும் மஞ்சள் பால் பேதி மருந்து. சோற்றை நன்றாகக் கழுவிப் போட்டாலும், பால் கொடுக்கும் முன் துடைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. புண்ணை ஒரு நாளில் பத்துத் தடவை துடைத்தால் எப்படி ஆறும்? இந்த வேலைக்கு வேறு வழிகளே மேல்.

"உப்புத் தண்ணி ஒத்தடம் எரியாதா?"

அளவாகப் போட்டால் எரியாது. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்பு போதும். சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் காம்பை ஒரு நிமிடம் மட்டும் முக்கி, வெறும் தண்ணீரில் அலசி, ஒற்றி எடுங்கள். வெடிப்பில் ஒட்டியிருக்கும் பொருக்கு இளகும். நேரம் கூடினால் தோல் ஊறி வறண்டுபோகும். வெறும் வெந்நீரில் நனைத்த துணியை வைத்தாலே பலருக்கு வலி குறைகிறது.

டீ பை வைப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். அதிலிருக்கும் துவர்ப்பு தோலை இறுக்கி இன்னும் வெடிக்க வைக்கும். டீயைக் குடித்துக்கொள்ளுங்கள்.

"மார்பு கல்லு மாதிரி இருக்கு, காம்பும் வலி. மல்லிகைப்பூ வெச்சுக் கட்டச் சொன்னாங்க. கட்டலாமா?"

கட்டாதீர்கள். மல்லிகைப்பூ பாலை வற்ற வைப்பதற்கு. பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்களுக்குப் பால் கட்டாமல் இருக்கக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைப் பால் வற்ற வைக்கும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவுக்கும் அந்தக் குணம் இருப்பதாக 1988-ல் எழுதினார்கள். பால் கொடுக்க வேண்டியவர் வலிக்காக இதைக் கட்டிவிட்டு, அடுத்த வாரம் பால் போதவில்லை என்று வருவதில் அர்த்தமில்லை.

மார்பு விறைத்திருந்தால் கருவட்டமும் விறைத்திருக்கும், பிள்ளையால் அதைக் கவ்வ முடியாது. கொடுப்பதற்கு முன் கருவட்டத்தைச் சுற்றி விரல்களால் மெல்ல உள்நோக்கி ஒரு நிமிடம் அழுத்தி, கொஞ்சம் பீய்ச்சி இளக்கிவிட்டு வாய் வையுங்கள். கொடுத்து முடித்ததும் குளிர்ந்த துணி வைத்தால் வீக்கம் குறையும்.

"தொத்து வரக் கூடாதுன்னு தினமும் சோப்பு, டெட்டால் போட்டுக் கழுவுறேன். சரிதானே?"

இதுவே வெடிப்புக்கு ஒரு காரணமாகிவிடும். கருவட்டத்தில் தெரியும் சின்னச் சின்ன மேடுகள் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள், தோலைக் காப்பதே அவற்றின் வேலை. சோப்பு அந்த எண்ணெயை எடுத்துவிடும். குளிக்கும்போது படும் தண்ணீரே போதும்.

"ரெண்டு நாள் பால் குடுக்காம விட்டா ஆறிடாதா?"

பால் கட்டும், அது வேறு வினை. புண் குறைவாக உள்ள பக்கம் முதலில் கொடுங்கள். பசி வேகத்தில் பிள்ளை பலமாக இழுப்பது முதல் சில நிமிடங்கள்தான். புண்ணுள்ள பக்கம் அடுத்து கொடுத்தால் அவ்வளவு வலிக்காது.

தாங்கவே முடியவில்லை என்றால் அந்தப் பக்கம் மட்டும் ஒரு நாள் ஓய்வு கொடுக்கலாம். அப்போதும் பிள்ளை குடிக்கும் நேரக் கணக்கில் கையால் பீய்ச்சி, பாலாடையில் புகட்டுங்கள். பாட்டில் வேண்டாம். ரப்பர் காம்பில் வாயைக் குவித்துக் குடித்துப் பழகிய பிள்ளை மார்பிலும் அப்படியே நுனியைக் கவ்வலாம். பாலாடையை ஒவ்வொரு தடவையும் கழுவிக் கொதிக்க வைக்க வேண்டும். பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்து, கீழுதட்டில் முனையை வைத்து, பிள்ளை விழுங்குவதைப் பார்த்துப் பார்த்துச் சாய்க்க வேண்டும். பீய்ச்சிய பால் வெளியே நாலு மணி நேரம் தாங்கும் என்பது சாதாரண வெப்பத்துக்கு. சித்திரை வெயிலில் அவ்வளவு நேரம் வைக்காமல் உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போடலாம், பால் கொடுப்பவர்களுக்குத் தடையில்லை.

"வெடிப்பிலேர்ந்து ரத்தம் வருது. பிள்ளை அதைக் குடிச்சா என்ன ஆகும்?"

ஒன்றும் ஆகாது. கக்கும்போது சிவப்பாகத் தெரியலாம், மலம் கறுப்பாகப் போகலாம். பார்த்ததும் பதறுவீர்கள் என்பதால் முன்பே சொல்லி வைக்கிறேன். ஆனால் வெடிப்பு இல்லாமலேயே பாலில் ரத்தம் வந்து, ஒரு வாரமாகியும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"காய விட்டாத்தானே புண்ணு ஆறும்? எண்ணெய் போட்டா எப்படி?"

வெயிலில் காட்டுவதும் ஹேர் டிரையர் பிடிப்பதும் பழைய யோசனைகள். அப்படிக் காய்ந்தால் பொருக்குத் தட்டும், அடுத்த தடவை பிள்ளை இழுக்கும்போது அது பிய்ந்து மறுபடி புண்ணாகும். தோல் வறளாமலும், நசநசவென்று நனைந்து கிடக்காமலும் இருக்க வேண்டும். பால் கசிந்து ஈரமான பேடை உடனே மாற்றுங்கள். பிளாஸ்டிக் அடித்தாளுள்ள பேடைவிட, மடித்து வைத்த பழைய பருத்தி வேட்டித் துணி நன்றாக இருக்கிறது. துணி புண்ணில் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் விட்டு நனைத்து எடுங்கள்.

"நீங்க சொன்னபடிதான் குடுக்குறேன், காம்பும் நசுங்கலை. மூணு வாரமாகியும் வலி போகலையே?"

அப்படியானால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். நன்றாக இருந்த காம்பு திடீரென்று எரிந்து, அரித்து, பளபளவென்று சிவந்து, பிள்ளையின் வாயிலும் துடைத்தால் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இதற்குக் கை வைத்தியம் இல்லை. அம்மா, பிள்ளை இருவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து தர வேண்டும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பிள்ளை வாயை எடுத்ததும் காம்பு வெளுத்து, அப்புறம் நீலமாகி, பிறகு சிவந்து, அதோடு குத்துவலி வந்தால் ரத்தக் குழாய் சுருங்குகிறது என்று அர்த்தம். ஏசி அறையில் இது அதிகமாகும். கொடுத்து முடித்த கையோடு சூடான உலர்ந்த துணியை வைத்து மூடுங்கள். குளிர் ஒத்தடம் இவர்களுக்கு ஆகாது. மூன்றாவதாக, பிள்ளையின் நாக்கைப் பாருங்கள். அழும்போது நாக்கு மேலே எழும்பாமல், நீட்டினால் நுனி இதய வடிவில் பிளந்து தெரிந்தால், அடியிலுள்ள சவ்வு குட்டையாக இருக்கலாம். குழந்தை மருத்துவர் பார்த்து, தேவையென்றால் சின்னதாக வெட்டிவிடுவார்.

"வலியோட காய்ச்சலும் வந்திடுச்சு. பால் குடுக்கிறதை நிறுத்தணுமா?"

நிறுத்த வேண்டாம். வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்து மார்பில் ஒரு பகுதி சிவந்து, தொட்டால் சுட்டு, குளிர் காய்ச்சல் வரும். இந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. சூடான ஒத்தடம் கொடுத்து அழுத்தித் தேய்த்துக் கட்டியைக் கரைப்பது நெடுநாள் வழக்கம். பால் கொடுப்பது சார்ந்த மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டி இதை மாற்றிவிட்டது. அழுத்தித் தேய்த்தால் உள்ளே வீக்கம் கூடும். வழக்கம்போலக் கொடுங்கள், 'காலி' செய்வதற்காகக் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டாம், குளிர் ஒத்தடம் வையுங்கள். ஒரு நாளில் குறையவில்லை என்றாலோ, காய்ச்சல் ஏறினாலோ, சீழ் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தமிழ்நாட்டில் இரவு நேரச் சந்தேகத்துக்கு 104-க்குக் கூப்பிடலாம்.

"பல்லு முளைச்சிடுச்சு, கடிச்சு வெக்கிறான். என்ன செய்ய?"

உண்மையாகப் பால் குடிக்கும்போது பிள்ளையால் கடிக்க முடியாது, கீழ்ப் பல்லை நாக்கு மூடியிருக்கும். வயிறு நிறைந்து விளையாட ஆரம்பிக்கும்போதுதான் கடி விழும். உறிஞ்சும் வேகம் குறைந்ததும் சுண்டுவிரலை விட்டு எடுத்துவிடுங்கள். கடித்துவிட்டால் வெடுக்கென்று இழுக்காமல் பிள்ளையை மார்போடு இன்னும் நெருக்கி அணையுங்கள், மூச்சுக்காக வாயைத் திறந்துவிடும். அலறினால் சில பிள்ளைகள் பயந்துவிடும், சில பிள்ளைகள் அதை வேடிக்கை என்று நினைத்துத் திரும்பவும் கடிக்கும். ஈறு நமைச்சலுக்குக் கொடுப்பதற்கு முன் குளிர்ந்த ஈரத் துணியைக் கடிக்கக் கொடுங்கள்.

"ஏழு மாசம். பிரசவத்துக்கு முன்னாடியே துண்டால தேய்ச்சுக் காம்பைப் பழக்கணும்னு அம்மாச்சி சொல்றாங்க. செய்யலாமா?"

தேய்ப்பதால் தோல் கெட்டிப்படாது, புண்தான் ஆகும். காம்பை அடிக்கடி தூண்டுவது கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கும் என்பதால் இப்போது அதில் கை வைக்க வேண்டாம். பழக வேண்டியது பிள்ளையைப் பிடிக்கும் விதம். பரிசோதனைக்குப் போகும்போது பிரசவ வார்டில் ஒரு அம்மா பால் கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கச் செவிலியரிடம் கேளுங்கள்.

"மூத்தவளுக்கு ஒன்றரை வயசு, இன்னும் குடிக்கிறா. திடீர்னு காம்பு தொட முடியாம வலிக்குது. வெடிப்பும் இல்ல, சிவக்கவும் இல்ல."

மாதவிலக்குத் தள்ளிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கர்ப்பத்தின் முதல் அறிகுறியாக இந்த வலி வருவதுண்டு. இது உள்ளே ஹார்மோன் மாறுவதால் வருவது, மேலே சொன்ன எந்த எண்ணெயும் இதற்குக் கேட்காது. கர்ப்பம் உறுதியானாலும், சிக்கல் இல்லாதவர்கள் தொடர்ந்து பால் கொடுக்கலாம். முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களும் ரத்தப்போக்கு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வலி தாங்கவில்லை என்றால் பகல் நேரத்தில் ஒவ்வொரு வேளையாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குச் சோறும் பருப்பும் முட்டையும் அந்த இடத்தை நிரப்பும்.